யாரும் தண்ணீர் வைக்கக் கூடாது

மே 5, திங்கள்

மாலை 7 மணி. வெப்பம் 37.6. ஈரப்பதம் 47. முட்டை 11.

இந்த நோட்டில் தினமும் இவ்வளவு எழுதினால் போதும் என்று ராபியா சொன்னாள். பனியன் கம்பெனியில் என் பக்கத்து மேசையில் செக்கிங் பார்ப்பவள். வீட்டு மாடியில் குஞ்சு பொரித்துப் பழகியவள். இன்றைக்குப் பர்மிஷன் போட்டு அவள் வீட்டுக்கே போய் இந்தத் தெர்மாகோல் பெட்டியை வாங்கி வந்தேன். உள்ளே ஒரு பல்பு, ஒரு சின்ன விசிறி, மூடியில் கண்ணாடி, ஓரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற மீட்டர். "காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா எழுதி வைங்கக்கா. மனசுல வச்சுக்கிட்டா மறந்துரும்" என்றாள்.

மனசில் வைத்துக்கொண்டது எதுவும் எனக்கு மறப்பதில்லை. அதுதான் என் சீக்கே. அதனால் நேற்று நடந்ததையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

என் செவலைக் கோழியை நேற்று அறுத்துத் தின்றுவிட்டார்கள்.

அறுத்தது கீழ் வீட்டில். என் வீட்டுக்காரரின் அண்ணன் அவிநாசியப்பன் கீழே இருக்கிறார். நாங்கள் மாடியில் ஷீட் போட்ட இரண்டு அறையில் இருக்கிறோம். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அந்த முறையை எழுத இன்றைக்குக் கை வரவில்லை, பெரியவர் என்றே எழுதுகிறேன். அவர் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற சம்பந்தி வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்களாம். கடைக்குப் போக நேரமில்லையாம். மாடியில்தான் கோழி இருக்கிறதே.

அடைக்கு விழுந்த கோழி அது. இரண்டு நாளாக வெறும் கூடையில் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் சிலிர்த்துக் கொத்த வந்தது. அது இட்ட பதினோரு முட்டையையும் மணல் சட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து வந்து பொழுதோடு அடை வைப்பதாக இருந்தேன். அடைக் கோழியை எந்த வீட்டிலாவது அறுப்பார்களா? அதில் கறி இருக்காது, பாவம்தான் இருக்கும்.

நான் வந்தபோது படிக்கட்டு ஓரச் சாக்கடையில் சிவப்பு இறகுகள் கிடந்தன. மேலே கூடை காலி. நின்றுகொண்டே இருக்கிறேன், பெரியவரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், ஒரு கிண்ணத்தோடு படியேறி வருகிறாள். "கோகிலா, உனக்குன்னு தொடைக்கறி எடுத்து வெச்சனாக்கும். உன்ற கோழி நல்ல ருசி."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கி, அவள் வாசலிலேயே வைத்துவிட்டு மேலே வந்தேன்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "யாருங்க புடிச்சுக் குடுத்தது?" என்றேன். பதில் இல்லை. "உங்களத்தான் கேக்கறேன்." அதற்கும் இல்லை. கல்லுளிமங்கன். அண்ணன் நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். இருபத்து மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இரண்டே பேர், அந்த இரண்டில் ஒன்று ஊமை.

சரி, இனி நானும் ஊமை. இந்தப் பதினொன்றில் ஒரு குஞ்சாவது வெளியே வரும்வரை அந்த மனுசனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒன்றும் வராவிட்டால் எப்போதுமே இல்லை. செவலையில் மிச்சம் இருப்பது இந்த முட்டைகள்தான்.

மே 6, செவ்வாய்

காலை 48. மாலை 66.

ராபியா சொன்னபடி முதல் பதினெட்டு நாள் ஈரப்பதம் ஐம்பதை ஒட்டி இருக்க வேண்டும். அதிகமானால் முட்டைக்குள் இருக்கிற தண்ணீர் வற்றாது. வற்றாவிட்டால் உள்ளே காற்றுப் பை பெரிதாகாது. கடைசியில் குஞ்சு மூச்சுவிட இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே முங்கிச் சாகும். கடைசி மூன்று நாள் மட்டும் எழுபதுக்கு ஏற்ற வேண்டும். பெட்டியின் தண்ணீர்த் தட்டில் இரண்டு குழி இருக்கின்றன. இப்போது சின்னக் குழியில் மட்டும் தண்ணீர். கடைசியில்தான் பெரிய குழியிலும்.

காலை ஏழு மணிக்குச் சின்னக் குழியை மட்டும் நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். 66 எங்கிருந்து வந்தது? பெரிய குழியில் வேறு தண்ணீர் நிற்கிறது. மூடியில் வேர்த்து ஒழுகியிருக்கும் என்று கொட்டிவிட்டேன்.

மே 7, புதன்

காலை 49. மாலை 67.

முட்டைகளை நாளைக்கு மூன்று தடவை திருப்பிப் போட வேண்டும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் வந்து ஒரு தடவை. நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. முட்டை திருப்ப வேண்டும் என்று கம்பெனியில் லீவு கேட்க முடியுமா? இன்று பெருக்கல் குறி மேலே தெரியும்படி வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் பதினொன்றும் வட்டத்தைக் காட்டுகின்றன. கோபத்தில் எனக்குத்தான் புத்தி பிசகுகிறது.

என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் காலை ஷிப்ட். ஐந்தரைக்குப் போனால் இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். ஃபிளாஸ்கில் டீ போட்டு வைத்திருந்தார். குடித்தேன். டீயோடு எனக்குச் சண்டை இல்லை.

மே 9, வெள்ளி

காலை 74. அது பெட்டியின் கணக்கு அல்ல, மீட்டரைச் சோதித்த கணக்கு. மாலை 68.

மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று ராபியாவிடம் சண்டைக்குப் போனேன். ஒரு டப்பா மூடியில் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, மீட்டரோடு சேர்த்து ஒரு பையில் காற்றுப் புகாமல் கட்டி வைக்கச் சொன்னாள். மறுநாள் எடுத்தால் 75 காட்ட வேண்டுமாம். 74 காட்டியது. மீட்டர் யோக்கியன்தான். அப்படியானால் பெட்டி அயோக்கியன்.

"அக்கா, அந்தப் பெட்டியில நான் எத்தனை தடவை பொரிச்சிருக்கேன். காலைல சரியா இருந்து சாயங்காலம் மட்டும் ஏறுதுன்னா, நடுவுல வீட்ல யாரும் கை வைக்கிறாங்களா?"

"எங்க வீட்ல யாரு இருக்கறாங்க கை வைக்க? அந்த மனுசன் சோத்துல கை வைக்கறதுக்கே நாஞ் சட்டிய எடுத்து முன்னால வெக்கோணும்."

ராபியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 10, சனி

காலை 48. மாலை 68.

சமையல் செய்துகொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்று, "கோகிலா, அந்தப் பெட்டித் தண்ணி" என்று ஆரம்பித்தார். மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, வெறும் ஜாரைத்தான் ஓட்டினேன். அவர் போகும்வரை ஓட்டினேன்.

மே 11, ஞாயிறு

காலை 48. மதியம் 49. மாலை 49.

நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். பெட்டிக்கு என்ன வந்ததோ, இன்று ஒழுங்காக இருக்கிறது. சூடு பிடித்துப் பழகிவிட்டது போல. அவர் பெட்டிப் பக்கம் வரவே இல்லை. வாசலில் உட்கார்ந்து அறுந்த செருப்பைத் தைத்தார்.

துணி காயப்போட மாடிக்கு வந்த அக்கா, பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கோழிக்கு இத்தன வீம்பா?" என்றாள். "கோழிக்கு இல்லீங்க்கா, கேக்காம எடுத்ததுக்கு" என்றேன். "கூட்டுக் குடும்பத்துல உன்றது என்றதுன்னு ஏது" என்றாள். அவளுடைய பீரோச் சாவியை அவள் இடுப்பைவிட்டு எடுத்து நான் பார்த்ததில்லை.

மே 12, திங்கள்

காலை 48. மாலை 67. மறுபடியும் ஏறிவிட்டது சனியன்.

ஏழாம் நாள். விளக்கை அணைத்துவிட்டு முட்டைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்பதில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் இருந்தன. ஒன்றில் அந்தப் புள்ளி துள்ளியது. இரண்டு முட்டை வெறும் முட்டை, எடுத்துவிட்டேன். இருட்டில் கதவோரம் யாரோ நிற்பது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று துள்ளிய முட்டையைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்ததால் மாற்றிப் பிடித்தேன், வேறொன்றும் இல்லை.

மே 14, புதன்

காலை 51. மாலை 72.

நேற்று இடி மழை. அதுதான் காரணம் என்று எழுதலாம் என்று பார்த்தால், காலையில் 51தானே இருந்தது. மழைக்கும் ஷிப்ட் உண்டா என்ன?

மே 16, வெள்ளி

காலை 49. மாலை 69. சூப்பர்வைசர் திட்டினான், என் மேசையில் ஓட்டை விழுந்த பீஸ் இரண்டு தப்பிப் போய்விட்டதாம். என் கண் பீஸிலா இருக்கிறது?

மே 19, திங்கள்

காலை 49. மாலை 68.

பதினாலாம் நாள் டார்ச் அடித்தேன். ஒன்றில் அசைவே இல்லை, எடுத்து எருக்குழியில் போட்டேன். மீதி எட்டு. எட்டிலும் குஞ்சு ஆடுகிறது. ஆனால் காற்றுப் பை? ராபியா படம் போட்டுக் காட்டியதில் பாதிகூட இல்லை. முட்டைத் தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருக்கிறது.

போன் போட்டேன். "அக்கா, தண்ணி ஜாஸ்தியாப் போச்சு. இப்பவே தட்டை எடுத்துருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வேணாம். அதுக்குள்ள வத்துனா பொழைக்கும்."

தட்டை எடுத்துத் துடைத்துக் காலியாக உள்ளே வைத்தேன். செவலையை அறுத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அதன் குஞ்சுகள் தண்ணீரில் முங்கிச் சாக வேண்டும். நல்ல நியாயம்.

மே 20, செவ்வாய்

கம்பெனிக்குத் துணி வந்து சேரவில்லை என்று மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குப் படியேறினேன். கதவு ஒருக்களித்திருந்தது.

பெட்டிக்கு முன்னால் அவர் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். எட்டு முட்டையையும் ஒவ்வொன்றாக, இரண்டு விரலால், வட்டத்திலிருந்து பெருக்கல் குறிக்குத் திருப்பி வைத்தார். அப்புறம் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தார். "ரெண்டுமே காஞ்சு கெடக்குது. மறந்தே போயிட்டா" என்று முனகிக்கொண்டே சின்னக் குழியை நிரப்பினார், பெரிய குழியையும் நிரப்பினார்.

இரண்டு வாரமாக நான் யாரை யாரையெல்லாம் திட்டினேன். மீட்டரை, மழையை, பாவம் ராபியாவை. இங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மனுசன் தினமும் மத்தியானம் என் குஞ்சுகளுக்குத் தண்ணீரில் சமாதி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தியிருக்கலாம். கத்தினால் பேசியதாகிவிடும். படியிறங்கித் தெருமுனைவரை போய் நின்றுவிட்டு, செருப்புச் சத்தம் அவருக்குக் கேட்கும்படி திரும்பி வந்தேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் முகப்பில் டேப் போட்டு ஒட்டினேன்: "இந்தப் பெட்டியில் யாரும் தண்ணீர் வைக்கக் கூடாது. இருந்தால் உடனே கொட்டிவிடவும்."

யாரும் என்றுதான் எழுதினேன், பெயர் போடவில்லை. அவர் எழுந்து வந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டி, துண்டால் துடைத்து, உள்ளே வைத்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. சுண்டட்டும்.

அவர் முட்டையைத் திருப்பியதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மே 21, புதன்

காலை 33. மாலை 34.

மே 22, வியாழன்

காலை 32. மாலை 32. காற்றுப் பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மத்தியானத் திருப்பல் மட்டும் தவறாமல் நடக்கிறது. நடக்கட்டும், அதற்கு நான் போர்டு ஒன்றும் மாட்டவில்லை.

மே 23, வெள்ளி

பதினெட்டாம் நாள். இனி முட்டையைத் திருப்பக் கூடாது. பட்டறையில் அவசர ஆர்டர், இன்றும் நாளையும் அவர் வீடு வர இருட்டிவிடும், அதனால் மத்தியானத் திருப்பல் தானாக நின்றது. விடியற்காலையில் அவர் வேலைக்குப் போனபின், இரண்டு குழியிலும் வெந்நீர் ஊற்றி, ஒரு துணியை நனைத்து ஓரத்தில் வைத்து மூடினேன். பத்து நிமிஷத்தில் 70.

ராபியா ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "மூடியத் தொறக்காதீங்க. இப்ப மட்டும் காஞ்சுது, உள்ள இருக்கிற சவ்வு காகிதம் மாதிரி சுருங்கிக் குஞ்சைக் கட்டிப்போட்டுரும். அதால திரும்பவே முடியாது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க."

எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டுமாம்.

மே 24, சனி

காலை 71. மாலை 72.

ஏழு மணி இருக்கும். பெட்டிக்குள்ளிருந்து சத்தம். விசிறிச் சத்தம் என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டேன். கீச்சென்று, மறுபடியும் கீச்சென்று. ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி கீறல் விட்டிருந்தது. என்னை அறியாமல், "வா சாமி, வா" என்று சொல்லியிருக்கிறேன்.

அவரும் வந்து குனிந்து பார்த்தார். மூடிக் கண்ணாடி முழுக்க நீர்த்துளி கோத்திருந்தது. "கண்ணாடில இப்படி வேர்த்து நிக்குதே, தட்டுல தண்ணி வேற கெடக்குது. இது சரிதானா கோகிலா?" என்று கேட்டார். சரிதான், இப்போது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். குஞ்சு இன்னும் வெளியே வரவில்லையே. வந்தால்தான் பேச்சு. எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். பத்தொன்பது நாள் இருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்க முடியாதா?

மே 25, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஷிப்மெண்ட் என்று இன்றைக்கும் வரச் சொல்லிவிட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பும்போது 72. இரண்டு முட்டையில் கீறல். இரண்டரைக்குத் திரும்பி வந்தேன்.

பெட்டிக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஒரு துளி இல்லை. மீட்டர் 29 காட்டியது. தட்டு காய்ந்து கிடந்தது. நனைத்து வைத்த துணி மடித்துப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தது. நான்கு முட்டையில் ஓட்டை விழுந்து, ஓட்டையில் மூக்கு தெரிந்தது. ஒன்றும் அசையவில்லை. ஓட்டுக்குள் வெள்ளையாக ஈரமாக இருக்க வேண்டிய சவ்வு பழுப்பு நிறத்தில் விறைத்துக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்ணுனீங்க?"

இருபது நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"காத்தால நீ போனப்பறம் பாத்தேன். தட்டு நெறையத் தண்ணி. முங்கிச் செத்துப்போகுமேன்னு கொட்டீட்டேன். கண்ணாடியத் தொடச்சு, துணிய எடுத்து வெச்சேன்."

"யாரு உங்களக் கொட்டச் சொன்னது?"

அவர் விரலால் பெட்டியின் முகப்பைக் காட்டினார்.

என் கையெழுத்து. பெரிய எழுத்து. இருந்தால் உடனே கொட்டிவிடவும்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றினேனே, அந்த அட்டையைக் கிழித்தேனா? இல்லை. நேற்று அவர் கேட்டாரே, சொன்னேனா? இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அட்டையைப் பிய்த்து எறிந்தேன். டேப்போடு தெர்மாகோலும் ஒரு துண்டு பிய்ந்து வந்தது.

"நிக்காதீங்க. வெந்நி போடுங்க. சீக்கிரம்."

அவர் ஓடினார். இரண்டு குழியையும் வெந்நீரால் நிரப்பினோம். துணியை முக்கிப் பிழிந்து சுற்றிலும் வைத்தோம். பெட்டி மூடியைத் திறந்து வேலை செய்தால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்பதால், அவர் ஒரு ஈர வேட்டியைப் பெட்டிமேல் கூடாரம் மாதிரி பிடித்துக்கொள்ள, அதற்குள் தலையை விட்டு நான் பஞ்சை வெந்நீரில் நனைத்துச் சவ்வின்மேல் ஒற்றினேன். மூக்கின்மேல் படாமல் ஒற்ற வேண்டும், பட்டால் மூச்சடைத்துவிடும். ஆவியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் குஞ்சு போய்விட்டிருந்தது. மூக்கு தொட்டால் அசையவில்லை. மற்ற மூன்றும் மெல்லத் திணறிக்கொண்டிருந்தன.

அரைமணி நேரம் அந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றவர், என் தலைக்கு மேலிருந்து சொன்னார்.

"அண்ணன் செவலையப் புடிக்கறப்ப நானும் இங்கதான் நின்னேன். அது அடைக்கு விழுந்ததுங்கறதும் தெரியும். வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. வெளிய வரல. கோழியத் தூக்கிட்டுப் போனப்பறமும் நின்னுட்டேதான் இருந்தேன்."

நான் பஞ்சை மறுபடியும் நனைத்தேன்.

"நீ கேட்டப்பவும் அதத்தான் சொல்லோணும்னு. என்னன்னு சொல்றது? பயந்துட்டு நின்னேன்னா?"

"பேசாம வேட்டியப் புடிங்க" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். அழுது தொலைக்க அது நேரமில்லை.

மாலை 73.

மே 26, திங்கள்

நான் லீவு போட்டேன். அவரும் போகவில்லை.

நனைத்த மூன்றில் ஒன்று விடியும்போது செத்துக் கிடந்தது. ஒன்று காலை ஏழு மணிக்குத் தொப்பென்று வெளியே விழுந்தது. இன்னொன்றுக்கு ஓடு கழன்றும் சவ்வு விடவில்லை. மறுபடி வேட்டி, மறுபடி பஞ்சு. பதினொரு மணிக்கு அதுவும் வந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது. கீறலே விடாமல் இருந்த நான்கில் ஒன்று, யார் உதவியும் கேட்காமல், சாயங்காலம் தானாக உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. செவலை. அதே நிறம்.

மூன்று. எழுத மறந்துவிட்டேன், மாலை 70.

மே 28, புதன்

மீதி மூன்று முட்டையில் இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. உடைத்துப் பார்த்தேன். மூன்றிலும் முழுக் குஞ்சு, ரோமமெல்லாம் வந்துவிட்டது. உள்ளே தண்ணீர் தளும்பியது. மூக்கு காற்றுப் பைக்கு எட்டவே இல்லை.

"இது மூணும் நாஞ் செஞ்சது" என்றார்.

ஆமாம், அது அவர் சொம்பால் போனது. காய்ந்து செத்த இரண்டும் என் அட்டையால் போனது. அதையும் அவரிடம் வாயால் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கொல்லையில் ஐந்தையும் புதைத்துவிட்டு வந்து, சாம்பாரில் உப்பில்லை என்று அவரிடம் சத்தம் போட்டேன். சமைத்தது நான்தான்.

ஜூன் 1, ஞாயிறு

பெரியவர் இன்று மேலே வந்தார். மூன்றும் அட்டைப்பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் கம்பு நொய் கொத்திக்கொண்டிருந்தன. குனிந்து செவலைக் குஞ்சை எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"மூணுதானா? இது பொட்டையாட்டத் தெரியுது. வளத்து வுடு கோகிலா. தீவாளிக்குச் சம்பந்தி வூட்ல வர்றாங்க, அதுக்குச் சரியா ஆயிரும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணா, குஞ்சக் கீழ வுடுங்க."

என் வீட்டுக்காரர் குரல்தான். பெரிய சத்தமெல்லாம் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியோடு எழுந்து நின்றிருந்தார், கத்தி கையில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அது கோகிலாளுதுங்க. அவளக் கேக்காம இந்த மாடில இருந்து இனி ஒண்ணும் கீழ வராதுங்க. அன்னிக்குச் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன்."

பெரியவர் குஞ்சை விட்டார். "ஒரு கோழிக்குப் போயி என்றா இவ்வளவு நாயம் பேசற" என்றார். படியிறங்கிப் போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். நெற்றியில் வேர்வை. நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா செவலையே உக்காந்து பொரிச்சிருக்கும்" என்றேன். "எப்ப எந்திரிக்கோணும், எப்ப உக்காரோணும், எத்தன ஈரம் வேணும்னு அதுக்குத் தெரியும். மீட்டரும் வேண்டாம், உங்க சொம்பும் வேண்டாம், என்ற அட்டையும் வேண்டாம். ஒம்பதும் வந்திருக்கும்."

"ஆமா" என்றார்.

"ஆமாவா?"

"ஆமா கோகிலா."

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தீரவில்லை. செவலை செத்தது செத்ததுதான். ஆனால் மீட்டரை ராபியாவிடம் கொடுத்தாகிவிட்டது, இந்த நோட்டில் எழுதக் கணக்கு ஒன்றும் மிச்சமில்லை. மற்றதை இனி எழுதி வைக்கப்போவதில்லை. நேராகவே திட்டப்போகிறேன்.